ஜட்ஜ் ஐயா சொன்ன ஆறாவது வரி

பட்டினப்பாக்கம்,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெனிதாவுக்கு உன் தாய்மாமன் ஆரோக்கியராஜ் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அடையாறில் அந்தச் சட்டத் தகவல் மையத்தில் நீ வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். "அக்கா, இவ எழுதறத ஊரு படிக்காது. நான் கை வெச்சாத்தான் படிக்கும். கை வெச்சா இவ என்கூடப் பேச மாட்டா." எல்லாம் அப்படியே நடந்துவிட்டது. நீ என் நம்பரை பிளாக் செய்வதைக்கூட நான் கனவில் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது.

நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டாய். முழுசாகச் சொல்கிறேன். 'கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தால் என்ன செய்வது' என்று ஐந்து வரி அச்சடித்து, ஒரு கட்டு என்னிடம் கொடுத்தாய். ஐஸ் வாங்க என் கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்தேன். நம் ஜான் அதில் சங்கரா மீனைச் சுற்றிக்கொண்டு போனான். கோவிந்தம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, ரெண்டு நாளு தண்ணி வராதுன்னு போட்டுக் கீதா?" என்றாள். நீ எழுதியது படித்தவுடன் புரிந்துவிடுகிறது ஜெனி, அதுதான் கோளாறு. சட்டம் என்றால் கொஞ்சம் பயம் வர வேண்டாமா? மூன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி இருந்தால் எவன் நம்புவான்? நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் ஜனங்களைப் படித்தவன்.

அதனால் தி.நகரில் மதிவாணன் என்று எனக்குத் தெரிந்த அச்சகக்காரரிடம் போய், என் செலவில் வேறு மாதிரி அடித்தேன். சிவப்பு பார்டர். தராசுப் படம். தலைப்பு 'உத்தரவு'. அடியில் உன் மையத்தின் பெயர், 'செல்வி ஜெனிதா, ஹைகோர்ட்' என்று உன் பெயர், உன் நம்பர். ஹைகோர்ட் வாசலில் நின்று நீ போட்டோ எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. மறுநாளே வீட்டுக்கு வீடு கதவில் ஒட்டிவிட்டார்கள். நொச்சிக்குப்பத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள். உனக்குப் போன் மேல் போன் வந்தது, "நான் வக்கீல் இல்லை" என்று எல்லோரிடமும் கத்தினாயாம். அடக்கம் நல்லதுதான், ஆனால் இவ்வளவு ஆகாது.

நான் ஆறாவதாக ஒரு வரி சேர்த்ததை நீ இன்னும் பார்க்கவில்லை. ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். 'கோர்ட் ஆள் கொண்டுவரும் காகிதத்தைக் கையில் வாங்காதே. வாங்கினால்தான் வழக்கு.' இது என் சொந்தச் சரக்கு இல்லை. மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் ரிட்டையர்டு ஜட்ஜ் ஒருவர் இருக்கிறார். எனக்கு மிகவும் பழக்கம். அவர் வாயால் சொன்னது.

பலனும் கிடைத்துவிட்டது. கோவிந்தம்மா புருஷனை இழந்தவள், அந்த ஓர் அறை வீட்டில்தான் இத்தனை வருடமாக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவள் புருஷனுடைய அண்ணன் முருகன், வீடு தன்னுடையது, காலி செய்து தர வேண்டும் என்று கேஸ் போட்டிருக்கிறான். போன மாதம் கோர்ட் அமீனா சம்மனோடு வந்தார். கோவிந்தம்மா கதவில் இருந்த நம் நோட்டீஸைக் காட்டி, "நம்ம ஜெனிதா எழுதிக் கீது பாரு, நான் வாங்க மாட்டேன், போய்யா" என்றாள். அவர் என்னவோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு சத்தமே இல்லை. கேஸ் முடிந்தது! உன் பெயரைச் சொல்லி ஒருத்தி தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டாள். இப்போதாவது பிளாக்கை எடு.

உன் மாமா,
ஆரோக்கியராஜ்

*

அடையாறு,
6 ஆகஸ்ட் 2025

மாமா,

இதைக் கொண்டுவருபவர் லாரன்ஸ், எங்கள் மையத்தில் வேலை செய்கிறவர். படித்து முடித்ததும் கடையை மூடிவிட்டு அவரோடு கோவிந்தம்மா அக்கா வீட்டுக்குப் போங்கள். அக்காவின் போன் அணைத்தே கிடக்கிறது.

கேஸ் முடியவில்லை. சம்மனை வாங்க மறுத்தால், அதைக் கொடுத்தாகிவிட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அமீனா குறித்துக்கொண்டு போனது அதைத்தான்: வாங்க மறுத்தார். அதன் பிறகு அக்கா போகாவிட்டால் அவர் இல்லாமலேயே வழக்கு நடக்கும். முருகன் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வந்துவிடும். வீடு போய்விடும். புரிகிறதா மாமா? இது பயமாக இருக்கிறதா? நான் பார்டர் எதுவும் போடவில்லை.

லாரன்ஸ் உங்கள் இருவரையும் கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அழைத்துப்போவார். பெண் என்பதாலேயே அக்காவுக்கு இலவசமாக வக்கீல் கேட்க உரிமை உண்டு. சம்பாத்தியம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். அங்கே ஜமீலுன்னிசா என்ற வக்கீலிடம் பேசியிருக்கிறேன். அக்கா தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

நானே வந்திருப்பேன். வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் சிரித்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரக் கூடாது. அதனால் போனும் வேண்டாம், எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். வாயால் சொன்னதை மறுநாள் மாற்றிவிடுவீர்கள், எழுதினால் முடியாது.

அந்த ஜட்ஜ் பெயர் என்ன? எப்போது சொன்னார்?

ஜெனிதா

*

பட்டினப்பாக்கம்,
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெனிதாவுக்கு,

தலைப்பில் 'அன்புள்ள' என்று கூடப் போடாமல் கடிதம் எழுதும் குடும்பம் நம்முடையது இல்லை. இருந்தாலும் நான் பெரியவன், பொறுத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தாகிவிட்டது. கோவிந்தம்மா லூப் ரோட்டில் மீன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். லாரன்ஸ் விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை. கத்தியை அப்படியே மீன்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீதானே நைனா சொன்ன, முடிஞ்சுபோச்சுன்னு?" என்று மட்டும் கேட்டாள். அவள் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

கோர்ட்டில் என்னைப் பார்த்ததும் பாதி வக்கீல்கள் எழுந்து வழி விட்டார்கள். அந்த வெள்ளைச் சட்டையில் எனக்கு ஒரு தோற்றம் உண்டு. ஜமீலுன்னிசா சின்னப் பெண். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தேடினார். கோவிந்தம்மா வரவில்லை என்று அவள் இல்லாமலேயே வழக்கை நடத்த ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்களாம். ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. அடுத்த தேதி 25. அதற்குள் மனு போட்டு, ஏன் வரவில்லை என்பதற்குச் சரியான காரணம் சொன்னால், ஜட்ஜ் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்துக்கொள்ளாமலும் போகலாம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. "மேடம், மஞ்சக் காமாலைன்னு எழுதுங்க. படுத்த படுக்கை. நம்ம ஏரியா டாக்டர் ஒருத்தர் எனக்குச் சின்ன வயசு சிநேகம்" என்றேன். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சார், உங்களுக்குக் காமாலை வந்தா நான் எழுதறேன். இவங்களுக்கு வரலியே?"

"எல்லாரும் அப்டித்தாம்மா எழுதறாங்க."

அப்போது கோவிந்தம்மா பேசினாள். "நைனா, உன் ஒரு பேச்சக் கேட்டு வூடே போய்க்கினு கீது. இப்ப நான் கோர்ட்டாண்ட போயி இன்னொண்ணு சொல்லணுமா? கம்முனு இரு."

ஆக, உள்ளது உள்ளபடி எழுதுவதாக முடிவு. சிவப்பு நோட்டீஸை நம்பித்தான் சம்மனை வாங்கவில்லை என்று கோவிந்தம்மா சொல்வாள். ஆனால் அந்த நோட்டீஸில் உன் மையத்தின் பெயர் இருக்கிறது, உன் பெயர் இருக்கிறது. அதனால் ஆறாவது வரி என் வேலைதான் என்று நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பட்டினப்பாக்கத்தில் ஆரோக்கியராஜ் தப்பாகச் சொன்னான் என்று கோர்ட் காகிதத்தில் ஏறினால், நாளைக்கு ஐஸ் எடை சரியில்லை என்று கூடச் சொல்வார்கள்.

ஜட்ஜ் ஐயா பெயர் கேட்டாய். பெரிய இடம், வெளியே சொல்லக் கூடாது. தங்க பிரேம் கண்ணாடி. வஞ்சிரம் என்றால் உயிர். இவ்வளவு போதும்.

உன் மாமா,
ஆரோக்கியராஜ்

*

அடையாறு,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமா,

போட்டுவிட்டேன், பாருங்கள்.

இங்கே எங்கள் மையத்தின் தலைவி கோமளம் மேடம் அந்தச் சிவப்பு நோட்டீஸை மேஜைமேல் விரித்து வைத்திருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் குரலை உயர்த்திப் பார்த்ததில்லை, இன்றும் உயர்த்தவில்லை. "ஜெனிதா, நாம இதுவரை நூறு காகிதம் சரியா எழுதியிருக்கலாம். இந்த ஒண்ணு போதும், ஜனங்க நம்மள நம்பறத நிறுத்தறதுக்கு" என்றார். அடுத்த அச்சு வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆறாவது வரி நாங்கள் எழுதியது இல்லை என்று தெளிவாகும் வரை, எந்தக் காகிதத்தையும் நான் வெளியே கொண்டுபோகக் கூடாது.

எனக்கு வேலை போகும் என்று உங்களைப் பயமுறுத்தவில்லை மாமா. பயம் வேறு. இன்னும் எத்தனை கதவில் அது ஒட்டியிருக்கிறது? நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு அமீனா வந்தால்?

ஜான் அண்ணன் சங்கரா மீன் சுற்றிக்கொண்டு போனதைப் படித்து லாரன்ஸ் சிரித்துவிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் எங்கள் வெள்ளைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். புரியும்படி எழுதியிருக்கிறோம், சரிதான். ஆனால் இதை யார் எழுதியது, எந்த வக்கீல் சரிபார்த்தது, எந்தத் தேதியில், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, எதுவுமே அதில் இல்லை. முகம் தெரியாதவர் கொடுத்த காகிதத்தைக் கோவிந்தம்மா அக்கா ஏன் நம்ப வேண்டும்? நீங்கள் தராசுப் படம் போட்டதற்குக் காரணம் இருந்திருக்கிறது. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

ஜமீலுன்னிசா மேடம் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார். தேதி நெருங்குகிறது. அக்கா பதில் சொல்லவாவது கோர்ட்டில் ஒரு வாய்ப்புக் கிடைக்க வேண்டும். தயவுசெய்து.

ஜெனிதா

*

பட்டினப்பாக்கம்,
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெனிக் கண்ணுக்கு,

ஜெயித்துவிட்டோம்! நான் சொன்னேனா இல்லையா?

அவசரப்படாமல் கேள். உன் கடிதம் வந்த மறுநாளே நான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஜமீலுன்னிசா எழுதியதைப் படித்துக் காட்டினார். "ஜட்ஜ் ஐயா சொல்லித்தான் நான் எழுதினேன்னு ஒரு வரி சேத்துக்கலாமே?" என்றேன். "அவர் பெயர் சொல்லுங்க, முகவரி சொல்லுங்க, சேர்க்கறேன்" என்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். "அப்ப விடுங்க சார். அந்த வரியை அச்சாக்கினது நீங்கதானே? ஆமாவா, இல்லையா?" ஆமாம் என்றேன். ஜெனி, என் வாழ்க்கையில் இவ்வளவு சின்ன பதில் நான் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு வெளியே வந்து ரொம்ப நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

25ஆம் தேதி கோர்ட்டில் ஜட்ஜ் என் காகிதத்தைப் படித்துவிட்டு, எழுந்து நின்று, "இப்படி உண்மையை ஒப்புக்கொள்கிற மனிதரைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று" என்று கண் கலங்கினார். எதிர்த் தரப்பு வக்கீல் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோவிந்தம்மா இனிமேல் வழக்கில் கலந்துகொள்ளலாம், தன் பதிலைத் தாக்கல் செய்யலாம் என்று உத்தரவாகிவிட்டது. வீடு இன்னும் அவள் வீடுதான். முருகன் தன் பக்கத்தைச் சொல்லட்டும், இவள் தன் பக்கத்தைச் சொல்வாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கோவிந்தம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கலங்கரை விளக்கம் தாண்டியதும் ஜன்னலைத் திறந்துவிட்டு, "அப்பாடா, காத்து வருது" என்றாள். மற்ற ஜன்னல்கள் வழியாகக் காற்று அதற்கு முன்னாலும் வந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

சிவப்பு நோட்டீஸ்களைக் கிழிக்கப் போனேன். எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். "பார்டர் ஷோக்கா கீது மாமா, வுட்டுடு" என்று எஸ்தர் கதவை மறித்தாள். அவள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறாள். கிழித்தேன். நொச்சிக்குப்பத்துக்கும் போய்க் கிழித்தேன். கை விரலெல்லாம் பசை.

நீ புதிதாக அனுப்பிய காகிதம் வந்து சேர்ந்தது. ஜமீலுன்னிசா சரிபார்த்தது என்று பெயர், தேதி, சட்டம் மாறலாம், சந்தேகம் இருந்தால் 15100க்குப் போன் செய்து கேளுங்கள் என்ற குறிப்பு, எல்லாம் பார்த்தேன். 'சம்மனை வாங்குங்கள். வாங்கினால் தோற்றதாக அர்த்தம் இல்லை. அதில் இருக்கும் தேதியில் போங்கள்.' நீ கேட்டுக்கொண்டபடி கடையில் நின்று, ஒரு வார்த்தை கூட்டாமல் வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஜான் மெதுவாக வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "இன்னா மாமா, ஒடம்பு சரியில்லியா?"

ஆனால் யாரும் மீன் சுற்றவில்லை. "இந்த ஜமீலான்றது நம்ம கோவிந்தம்மா வக்கீலா?" என்று கேட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

மயிலாப்பூர் ஜட்ஜ் ஐயாவும் சங்கதி கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார். உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

உன் மாமா,
ஆரோக்கியராஜ்

*

அடையாறு,
2 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமா,

லாரன்ஸும் அன்றைக்குக் கோர்ட்டில் இருந்தார் என்பதை மறந்துவிட்டீர்கள். ஜட்ஜ் எழுந்து நிற்கவில்லையாம். கண்ணும் கலங்கவில்லையாம். உத்தரவைச் சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டாராம். அந்த நேரத்தில் நீங்கள் கேன்டீனில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களாம். பரவாயில்லை. இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன் மாமா. ரொம்ப நாளுக்கு அப்புறம் சத்தமாகச் சிரித்தேன். என்னோடு தங்கியிருக்கும் ஃபிசா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டாள். பிளாக்கை எடுத்துவிட்டேன்.

அச்சு வேலையை மறுபடி தொடங்கிவிட்டார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கோமளம் மேடம் இரண்டு முறை படித்தார். "இது அவ்ளோ சுலபம் இல்ல, தெரியுமா" என்றார். கோவிந்தம்மா அக்கா நேற்றுப் போன் செய்து, பதில் மனு தயாராகிறது என்று சொன்னார். குரல் நன்றாக இருந்தது.

இனி ஒரு வேண்டுகோள். ஜனங்களிடம் புழங்கும் தவறான சட்டப் பேச்சுகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடப்போகிறோம். முதல் பாடம் உங்கள் ஆறாவது வரி. 'ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரே இப்படிச் சொன்னதாக' என்று அதில் எழுத வேண்டும் அல்லவா? நீதிபதியே தவறாகச் சொல்லியிருக்கிறார் என்றால் மேடத்துக்கு அது பெரிய கவலை. அவரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். 8ஆம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருநாளுக்கு நீங்கள் எப்படியும் வருவீர்கள். அப்போது ஜட்ஜ் ஐயாவையும் அழைத்து வாருங்கள். வஞ்சிரம் நானே வறுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ஜெனிதா

*

பட்டினப்பாக்கம்,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெனிதாவுக்கு,

நான் சாப்பிட்டது வடை இல்லை, போண்டா. லாரன்ஸிடம் சொல்.

திருநாளுக்குக் கட்டாயம் வருகிறேன். கோவிந்தம்மாவும் வருகிறாள், எஸ்தரும் வருகிறாள். ஜட்ஜ் ஐயாதான் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மேலே உள்ள கடைசி வரியை அடிக்கப் பார்த்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பாய், அதனால் அப்படியே விட்டுவிட்டேன். முதலில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். அவரைச் சாகடித்துவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. பெரிய சாவாகத்தான் வைத்திருப்பேன், மாலை மரியாதையோடு. ஆனால் நீ புத்தகத்தில் போடப்போகிறேன் என்கிறாய். புத்தகத்தில் போட்டால் ஜனங்கள் நம்புவார்கள். அதுவும் உன் பெயரைப் பார்த்து நம்புவார்கள். கோவிந்தம்மா கத்தியை மீன்மேல் வைத்துவிட்டுப் பார்த்த பார்வையை உன் பக்கம் யாரும் பார்க்க வேண்டாம்.

ஜட்ஜ் ஐயா என்று யாரும் இல்லை, ஜெனி.

உன் ஐந்து வரியைப் பெரிய எழுத்தில் அடுக்கிய பிறகும், பார்டருக்குள் கீழே கொஞ்சம் இடம் காலியாக நின்றது. மதிவாணன், "மொட்டையா கீதே, ஒரு பூ போடட்டா?" என்று கேட்டார். சட்டத்தில் எங்கேயாவது பூ வருமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே நின்று, வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்தேன். ஒட்டும்போது இதை யார் சொன்னது என்று நாலு பேர் கேட்டார்கள். அப்போதுதான் அவரைக் குளத்துப் பக்கம் குடி வைத்தேன்.

புத்தகத்தில் இப்படியே போட்டுக்கொள். பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் கீழே இருக்கிறது. நீயே சரிபார்த்துக்கொள்.

பூவே போட்டிருக்கலாம்.

ஆரோக்கியராஜ்
4.9.2025